சுவரில் படரும் கருமையும் நம் பொறுப்பும்



தொழுகைக்கு நிற்பவரின் உடல், உடை, இடம் ஆகிய மூன்றும் தூய்மையாக இருக்க வேண்டும் என்பது மக்தபில் ஓதும் பிள்ளைக்கும் தெரிந்த சட்டம். ஆடையில் ஒரு துளி அசுத்தம் தெறித்ததோ என்று ஐயப்பட்டாலும் கழுவிவிட்டே தக்பீர் கட்டுகிறோம். முஸல்லாவை உதறித்தான் விரிக்கிறோம். ஆனால் அந்த முஸல்லா விரித்த அறையின் சுவரை, நம் பிள்ளைகள் இரவெல்லாம் மூச்சை இழுத்து விடும் அந்த மூலையை, நாம் என்றைக்காவது விளக்கைப் பிடித்துப் பார்த்திருக்கிறோமா?

மணவூர், திருவாலங்காடு, திருத்தணி வட்டாரத்தில் கோடை வெயிலின் கடுமையை எல்லோரும் பேசுவார்கள். மழைக்காலத்து ஓதத்தைப் பேசுவோர் குறைவு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழை, தமிழகத்துக்கு ஆண்டு முழுதும் கிடைக்கும் மழையில் ஏறத்தாழப் பாதியைக் கொண்டு வருகிறது. 2015 டிசம்பர்ப் பெருமழையையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொட்டிய மழையையும் நம் திருவள்ளூர் மாவட்டத்து மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். தெருவில் நின்ற தண்ணீர் சில நாட்களில் வடிந்துவிடும். சுவர் குடித்த தண்ணீர் வாரக் கணக்கில் உள்ளேயே இருக்கும். அந்த ஈரத்தில்தான் குளியலறை மூலையிலும், பீரோவுக்குப் பின்னாலும், கட்டிலின் தலைமாட்டிலும் கறுப்பாகவும் பச்சையாகவும் பூசணம் படர்கிறது.

ஒரு மழைக்காலத்தின் இறுதியில், தண்ணீர் ஓதித் தரும்படி ஒரு தாய் நம்மிடம் வந்தார். “ஹஜ்ரத், பகலில் நன்றாக ஓடியாடும் பிள்ளை ராத்திரி படுத்தால் இழுக்கிறது. என் தாய் வீட்டுக்குப் போய்த் தங்கினால் மூச்சு சீராகிவிடுகிறது. எங்கள் வீட்டில் ஏதோ கண்ணேறு இருப்பதாகச் சொல்கிறார்கள்” என்றார். நாம் ஓதிக் கொடுத்தோம். கொடுத்துவிட்டு, பிள்ளை எங்கே படுக்கிறது என்று கேட்டோம். கட்டிலின் தலைப்பக்கம் குளியலறைச் சுவரை ஒட்டியிருப்பதாகவும், அந்தச் சுவர் கறுத்துப் போயிருப்பதாகவும், கறை தெரியாதிருக்கத் துணி தொங்கவிட்டிருப்பதாகவும் சொன்னார். பிள்ளையை உடனே மருத்துவரிடம் காட்டுங்கள், இன்றே கட்டிலை வேறு அறைக்கு மாற்றுங்கள், குளியலறைக் குழாயைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள் என்று கூறி அனுப்பினோம்.

கண்ணேறு உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. துஆவின் பலனையும் மறுக்கவில்லை. ஆனால் நோய்க்கு மருந்து செய்து கொள்ளும்படி ஏவியவர்களும் நம் பெருமானார் (ஸல்) அவர்கள்தாமே! கண்ணுக்கு முன்னே காரணம் கறுத்துக் கிடக்கும்போது, அதைத் துணியால் மூடிவிட்டுக் காணாத காரணத்தைத் தேடுவது தவக்குல் ஆகுமா?

பூசணம் என்பது என்ன? அல்லாஹ்வின் படைப்புகளில் அதுவும் ஒன்று. உதிர்ந்த இலையையும் பட்டுப்போன மரத்தையும் மக்கவைத்து மண்ணாக்கும் வேலை அதற்கு இடப்பட்டிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அதன் வித்துகள் காற்றில் எங்கும் மிதக்கின்றன. எந்த வீட்டிலும் நுழையாமல் தடுக்க முடியாது. நுழைந்த வித்து முளைப்பதற்கு வேண்டியது ஈரம் ஒன்றே. தூசி, பெயிண்ட், மரம், துணி, சோப்பு அழுக்கு இவற்றில் எதுவும் அதற்கு உணவாகும். நனைந்த பொருளை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உலர்த்திவிட்டால் பெரும்பாலும் அது முளைப்பதில்லை. ஆகவே பூசணத்தோடு போராட வேண்டுமானால் முதலில் ஈரத்தோடு போராட வேண்டும்.

‘பூசணம் நஜீஸா? அது பட்ட ஆடையோடு தொழலாமா?’ என்று பலரும் கேட்கிறார்கள். பூசணம் தன்னளவில் நஜீஸ் அல்ல. அதன் கறை படிந்த ஆடையில் தொழுத தொழுகை கூடிவிடும். ஆனால் சாக்கடைக் குழாய் கசிந்து சுவர் நனைந்திருந்தால் அந்த நீர் நஜீஸ். அதற்குரிய சட்டம் வேறு. இங்கே ஒன்றை நாம் மறந்துவிடக் கூடாது. நஜீஸ் அல்லாத எல்லாவற்றையும் வீட்டில் வைத்திருக்கலாம் என்று மார்க்கம் சொல்லவில்லை. தனக்கும் பிறருக்கும் தீங்கு நேர விடலாகாது என்பது ஷரீஅத்தின் பெரும் அடிப்படைகளில் ஒன்று. குடும்பத் தலைவர் தம் பொறுப்பில் உள்ளவர்களைப் பற்றி நாளை மறுமையில் விசாரிக்கப்படுவார். அந்த விசாரணையில் அவர்கள் உண்ட உணவு இருக்கும். அவர்கள் சுவாசித்த காற்று இராதா?

ஓதமும் பூசணமும் உள்ள வீடுகளில் வசிப்போருக்கு இருமல், மூச்சிழுப்பு, சுவாசத் தொற்று ஆகியவை கூடுதலாக வருகின்றன என்றும், ஆஸ்துமா முற்றுகிறது என்றும் உலக சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டி நூலில் தெளிவாக்கியிருக்கிறது. இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகருக்கு அருகே ராச்டேல் என்னும் ஊரில் நடந்ததை நம் சமுதாயம் அறிந்திருக்க வேண்டும். சூடானிலிருந்து வந்து குடியேறிய ஒரு குடும்பத்தின் குழந்தை அவாப் இஸ்ஹாக். அவர்களுடைய வாடகை வீட்டில் பூசணம் படர்ந்திருப்பதைத் தந்தை 2017இலேயே முறையிட்டார். அதன்மேல் பெயிண்ட் அடித்துக்கொள்ளும்படி அவருக்குச் சொல்லப்பட்டது. 2020 டிசம்பரில், இரண்டு வயது நிறைந்து எட்டே நாளில், அந்தக் குழந்தை மூச்சு முட்டி மரணமடைந்தது. இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். அந்த வீட்டுப் பூசணமே மரணத்துக்குக் காரணம் என்று 2022 நவம்பரில் விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார். குடும்பத்தாரின் வாழ்க்கை முறைதான் காரணம் என்று அனுமானித்தது தவறு என வீட்டை வாடகைக்கு விட்ட நிறுவனமும் ஒப்புக்கொண்டது. அக்குழந்தையின் பெயரால் அழைக்கப்படும் சட்டம் 2025 அக்டோபர் முதல் அந்நாட்டில் படிப்படியாக அமலாகி வருகிறது. பூசணத்தின்மேல் பெயிண்ட் அடிப்பது மருந்தாகாது என்பதற்கு இதைவிடக் கசப்பான சான்று வேண்டியதில்லை.

இனி நம் வீடுகளுக்கு வருவோம். ஈரம் எங்கிருந்து வருகிறது?

முதலாவது, நம் கையால் நாமே கொட்டும் தண்ணீர். ஒரு முத்து அளவு நீரில் உளூவையும், நான்கைந்து முத்து நீரில் குளிப்பையும் நாயகம் (ஸல்) அவர்கள் முடித்துக் கொண்டார்கள் என்று ஹதீஸ் கலையினர் பதிந்திருக்கிறார்கள். ஷாஃபிஈ கணக்கில் ஒரு முத்து முக்கால் லிட்டருக்கும் குறைவு. ஹனஃபி கணக்கில் அதைவிடக் கூடும். நாமோ குழாயை முழுதாகத் திறந்துவிட்டு, வஸ்வாஸினால் மூன்று முறையை ஆறு முறையாக்கி, வாளிக் கணக்கில் ஊற்றுகிறோம். உளூவில் வீண்விரயம் மக்ரூஹ் என்று கிதாபில் ஓதுகிறோம்; அந்த வீண்விரயம் சுவரேறிக் கறுப்பதைக் கண்ணால் காண்கிறோம். குளித்து முடித்தவர் தரைத் தண்ணீரை வைப்பரால் வழித்துத் தள்ளிவிட்டு வெளியேறுவதை வீட்டின் வழக்கமாக்குங்கள். தரையில் தண்ணீர் தேங்கினால் வாட்டம் சரியில்லை என்று பொருள். கொத்தனாரை அழைத்துச் சரிசெய்யுங்கள்.

இரண்டாவது, அடைத்த ஜன்னல். பர்தாவைப் பேணுகிறோம் என்று அட்டையாலும் பிளாஸ்டிக் தாளாலும் ஜன்னலை நிரந்தரமாக அடைத்துவிட்ட வீடுகளை நாம் பார்த்திருக்கிறோம். பர்தா கடமைதான், காற்றை அடைப்பது கடமையன்று. ஆள் உயரத்துக்கு மேலே வென்டிலேட்டர் வைத்தால் வெளியார் பார்வை உள்ளே வராது, ஈரக் காற்று வெளியே போய்விடும். இருக்கிற ஜன்னலின் கீழ்ப்பாதிக்குத் திரையிட்டு மேல்பாதியைத் திறந்து வைக்கலாம். மழை விட்டு வெயில் அடிக்கும் நேரத்தில் எதிரெதிர் ஜன்னல்களை ஒரு மணி நேரமாவது திறந்து விடுங்கள். படுக்கையறையை ஒட்டிய குளியலறையானால், குளித்த பின் இடைக்கதவைச் சாத்திவிட்டு வெளிப்பக்க ஜன்னலைத் திறந்து வையுங்கள்; எக்ஸாஸ்ட் விசிறி இருந்தால் 20 நிமிடம் ஓடட்டும்.

மூன்றாவது, படுக்கையறைப் பழக்கங்கள். மழைநாளில் ஈரத் துணியை உள்ளேயே கொடி கட்டி உலர்த்தினால் அத்துணியின் நீரெல்லாம் சுவரில்தான் போய்ச் சேரும். வேறு வழியில்லையென்றால் விசிறிக்குக் கீழே, ஜன்னலைத் திறந்து வைத்து உலர்த்துங்கள். பீரோவையும் கட்டிலையும் சுவரிலிருந்து நான்கு விரற்கடை நகர்த்திப் போடுங்கள். இலவம்பஞ்சு மெத்தையை வெயில் கண்ட போதெல்லாம் வெளியே போடுங்கள். உள்ளே பூசணம் ஏறிவிட்ட மெத்தையைக் கழித்துவிடுவதே நலம். குர்ஆன் ஷரீஃப் வைக்கும் அலமாரி மழைச்சாரல் படும் வெளிச்சுவரில் இருந்தால் உட்சுவருக்கு மாற்றுங்கள்.

நான்காவது, கசிவு. மொட்டை மாடித் தட்டோட்டில் விரிசல், சுவருக்குள் புதைந்த குழாயில் கசிவு, சன்ஷேடில் தேங்கும் நீர் இவற்றை மழைக்கு முன்பே பார்த்து அடைக்க வேண்டும். சுவரின் அடிப்பகுதியில் வெள்ளைப் பொடியாகப் பூப்பது பெரும்பாலும் உப்பு. ஒரு சொட்டு நீர் விட்டால் கரைந்துவிடும். அது பூசணமல்ல என்றாலும், தரையிலிருந்து ஈரம் ஏறுகிறது என்பதற்கு அது சாட்சி.

வந்துவிட்ட பூசணத்தை எப்படி நீக்குவது? முழங்கை நீளத்துக்கு உட்பட்ட கறையானால் நாமே செய்யலாம். சுவர் முழுதும் பரவியிருந்தால் கசிவைக் கண்டு பழுது பார்ப்பவரை அழையுங்கள். இழுப்பு உள்ளவர்களும் குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்த அறையில் இருக்கலாகாது. முகத்தை மூடி, கையுறை அணிந்து, வெளி ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு தொடங்குங்கள். உலர்ந்த பூசணத்தைத் துடைப்பத்தால் தேய்த்தால் வித்துகள் அறையெங்கும் பறக்கும். ஆகவே முதலில் சோப்பு நீரால் நனைத்து, பிறகு தேய்த்துக் கழுவி, துணியால் ஒற்றி, விசிறியைப் போட்டு நன்றாக உலர்த்துங்கள். பீங்கான், டைல்ஸ் போன்ற வழவழப்பான பரப்பில் கறை நின்றால் பிளீச் திரவத்தை நான்கு லிட்டர் நீருக்கு ஒரு கோப்பைக்கு மிகாமல் கலந்து தடவலாம். சிமெண்ட்டுப் பூச்சில் அது மேற்கறையை வெளுக்குமே தவிர உள்ளே ஊறியதை அழிக்காது. உதிரும் பூச்சைச் செதுக்கி எடுத்து, கசிவை அடைத்து, சுவர் உலர்ந்த பிறகு புதிதாகப் பூச வேண்டும். அதன்மேல் நம் முன்னோர் அடித்த சுண்ணாம்பே சிறந்தது. அதன் காரத்தில் பூசணம் எளிதில் வளராது. சுவரின் ஈரமும் அதன் வழியே வெளியேறும்.

ஒரு கண்டிப்பான எச்சரிக்கை! பிளீச்சிங் பவுடரையோ பிளீச் திரவத்தையோ கழிவறை கழுவும் ஆசிட்டுடன் ஒருபோதும் கலக்காதீர்கள். ஒன்றை ஊற்றிய இடத்தில் உடனே மற்றதை ஊற்றாதீர்கள். குளோரின் என்னும் நச்சுப் புகை கிளம்பும். 1915இல் முதல் உலகப் போரில் படைவீரர்களைக் கொல்ல ஏவப்பட்டது அதே புகைதான். காற்றோட்டமில்லாத குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து.

இந்த வேலையெல்லாம் வீட்டுப் பெண்களுடையது என்று ஆண்கள் ஒதுங்கிக்கொள்வதும் முறையாகாது. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் வீட்டில் இருக்கும்போது குடும்பத்தாரின் வேலைகளில் துணை நின்றார்கள் என்பதை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் வாயிலாக அறிந்திருக்கிறோம். சுன்னத்தைத் தாடியில் பேணும் நாம் துடைப்பத்திலும் பேணினால் என்ன குறைந்துவிடும்? அவ்வாறே, நம் மாடிக் குளியலறையின் கசிவு கீழ்வீட்டாரின் சுவரைக் கறுக்கச் செய்தால் அது அண்டைவீட்டாருக்கு நாம் இழைக்கும் தீங்கு. அவர் முஸ்லிமா அல்லவா என்ற பேதம் அதில் இல்லை. வீட்டை வாடகைக்கு விட்டிருக்கும் சகோதரர்களே! மாதம் தவறாமல் வாடகை வாங்கும் கை, கசியும் கூரையைச் செப்பனிடவும் நீள வேண்டும். குடியிருப்போரும் சிறு கசிவாக இருக்கும்போதே அறிவித்துவிட வேண்டும். அமானிதம் இருபக்கமும் உண்டு.

இன்று இஷா தொழுத பின், ஒரு விளக்கை எடுத்துக்கொண்டு பிள்ளைகள் படுக்கும் அறையின் நான்கு மூலைகளையும், பீரோவின் பின்புறத்தையும், குளியலறைச் சுவரையும் ஒருமுறை பாருங்கள். கறுத்திருந்தால் கட்டிலை இன்றே நகர்த்துங்கள். காரணத்தை நாளையே தேடத் தொடங்குங்கள்.

நம் உள்ளங்களையும் இல்லங்களையும் தூய்மையாக்கி, நம் மழலைகளுக்கு நலமான மூச்சையும் நீண்ட ஆயுளையும் வல்ல நாயன் அல்லாஹ் அருள்வானாக! ஆமீன்.