காணாத் தீங்கும் கடப்பாடும்

ஒரு செயல் நன்மையோடு தீங்கையும் உடன்கொண்டு வருமாயின், அந்நன்மையைப் பெறாதோர் அத்தீங்கைச் சுமத்தல் நியாயமாகுமா? அறவியலின் பழைய வினாக்களுள் ஒன்றாகிய இது, சிறுநீரகக் கல்லை அகற்றும் சத்திரசிகிச்சைக் கூடத்திலும் எழுகின்றது.

முதுகுப்புறத்தே சிறு துளையிட்டுக் கல்லை வெளியேற்றும் முறையை 1976இல் சுவீடன் நாட்டு வைத்தியர்களான பேர்ன்ஸ்ட்ரோமும் யொகான்சனும் வெளியிட்டனர். பெரிய வெட்டுக்காயம் தவிர்க்கப்பட்டது. ஆயின், கண்ணுக்குப் புலனாகாத உள்ளுறுப்பினுள் ஊசியை வழிநடத்த எக்ஸ்-கதிர்ப் படிமம் துணையாயிற்று. நோயாளியின் உடலிற் பட்டுச் சிதறும் கதிர்கள் சூழநிற்போரையும் அடைகின்றன. நோயாளி கதிரை ஏற்பினும் நோய் நீங்கப் பெறுகின்றார். அருகில் நிற்கும் தாதிக்கோ கதிர் மட்டுமே எஞ்சுகின்றது. கதிரை இயக்கும் மிதியும் பெரும்பாலும் சத்திரசிகிச்சையாளரின் காலடியிலேயே உள்ளது.

எடிசனின் உதவியாளர் கிளாரன்ஸ் டாலி கதிர்த் தாக்கத்தால் 1904இல் உயிர்நீத்தார். அவர்தம் கைகளின் புண்கள் எவர்க்கும் புலனாயின. இன்றைய சிறு அளவுகள் அத்தகைய அடையாளம் எதனையும் விடுவதில்லை. பல்லாண்டுகளின் பின் ஒருவருக்குப் புற்றுநோய் தோன்றினும், அதனை எந்த நாளின் எந்தச் செயலோடும் இணைத்தல் இயலாது. குற்றஞ்சாட்ட எவருமில்லை என்பதனால் கடப்பாடும் இல்லையெனக் கொள்ளல் தவறாகும். புறத்தே எவரும் கண்டறிய முடியாத தீங்கைத் தடுக்கவல்லது செய்வோரின் மனச்சாட்சி ஒன்றே.

கதிரியக்கப் பாதுகாப்புக்கான சர்வதேச ஆணைக்குழு, தொழில்புரிவோர்க்கு ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவேற்று என எல்லை வகுத்துள்ளது. எனினும் அவ்வெல்லைவரை செல்ல அது அனுமதி வழங்கவில்லை. நியாயமாக எய்தக்கூடிய அளவுக்குக் கதிரைக் குறைக்குமாறே கோருகின்றது. மிதியை இடையறாது அழுத்தாது விட்டுவிட்டு அழுத்துதல், இறுதிப் படிமத்தைத் திரையில் நிறுத்திவைத்து நோக்குதல், கதிர்க்குழாயை மேசையின் கீழ் அமைத்தல், ஈயக் கவசம் அணிதல், இயன்றவிடத்துக் கழியொலியைப் பயன்படுத்தல் என்பன அதற்கான வழிகள். தூரம் இருமடங்காயின் கதிர்ச்செறிவு ஏறத்தாழக் காற்பங்காகும். இவற்றுட் பல, பெருஞ்செலவினும் கவனத்தையே வேண்டுவன.

கதிரைக் குறைக்கும் ஆர்வத்தாற் கல்லின் துண்டுகள் எஞ்சிவிடின், நோயாளி மீண்டும் சத்திரசிகிச்சைக்கும் கதிருக்கும் உட்பட நேரிடும் என்பர். இவ்வாதம் வலியது; 'நியாயமாக' என்னும் சொல்லின் பொருளும் இதுவே. ஆயின், அது தேவையான கதிரை மட்டுமே நியாயப்படுத்தும்; பழக்கத்தால் மிதியின்மேல் ஓய்ந்திருக்கும் காலை நியாயப்படுத்தாது. பிறர் உடல்மீது அதிகாரம் பெற்றோர், ஒவ்வோர் அழுத்தத்தின்போதும் அதன் தேவையைத் தம்முட் கேட்டறிதல் கடனாகும்.