அழுகைக்கு முன்பே எடுக்க வேண்டிய முடிவு

ஒன்றரை வயதுக்கும் நான்கு வயதுக்கும் இடையில் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளும் அடம்பிடிக்கும். கேட்டது கிடைக்காவிட்டால் தரையில் விழுந்து புரளும், கைகாலை உதைக்கும், கையில் இருப்பதை வீசும், தொண்டை கிழியக் கத்தும். வளர்ப்பு சரியில்லை என்றோ, பிள்ளை பொல்லாதது என்றோ இதை வைத்து முடிவுகட்டுவது அநியாயம். அந்த வயதில் ஆசைகள் மட்டும் முழு வேகத்தில் வந்துவிடுகின்றன. அவற்றைச் சொல்லப் பேச்சு போதவில்லை. இரண்டு வயதுக் குழந்தை அப்போதுதான் இரண்டிரண்டு சொற்களைச் சேர்க்கக் கற்றிருக்கிறது. உந்துதலை அடக்கி யோசிக்க வைக்கும் மூளையின் முன்பகுதியோ இருபது வயதுக்குப் பிறகும் வளர்ந்துகொண்டிருக்கும். ‘கொஞ்சம் பொறு’ என்று கேட்கும்போது, குழந்தையிடம் இன்னும் சரியாக முளைக்காத ஒரு திறனைப் பெரியவர்கள் கேட்கிறார்கள்.

அடத்துக்கென்று ஒரு போக்கு உண்டு. மைக்கேல் பொடேகல், ரிச்சர்ட் டேவிட்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள், ஒன்றரை முதல் ஐந்து வயது வரையிலான 335 குழந்தைகளைப் பற்றிப் பெற்றோர் எழுதித் தந்த விவரங்களை ஆராய்ந்து 2003-இல் வெளியிட்டார்கள். முக்கால்வாசித் தடவை அடம் ஐந்து நிமிடத்துக்குள் ஓய்ந்துவிட்டது. அதற்குள் இரண்டு உணர்ச்சிகள் ஓடுகின்றன. கத்துவது, உதைப்பது, வீசுவது என்று கோபம் தொடக்கத்திலேயே உச்சத்துக்கு ஏறி விரைவில் தணிகிறது. அழுகையும் சிணுங்கலுமாக வெளிப்படும் துயரம் கடைசிவரை நீள்கிறது. ஆகவே கோபம் தானே இறங்கும். கூடுதலாக எதையும் அதன்மேல் போடாமல் இருப்பதே பெரியவர்களின் முதல் வேலை.

அந்த ஓரிரு நிமிடங்களில் ‘என்ன வேணும்? ஏன் அழுற? சொன்னாத்தானே தெரியும்?’ என்று கேள்விகளை அடுக்குவது கோபத்தை வளர்க்கும். விளக்கமும் பயன்படாது. பக்கத்தில் உட்கார்ந்து, முட்டிக்கொள்ளக்கூடிய பொருள்களை நகர்த்திவிட்டு, தாழ்ந்த குரலில் ஒரே வாக்கியத்தைச் சொன்னால் போதும்: ‘கோபமா இருக்கு, தெரியுது. இது இப்போ கிடையாது.’ தெருவிலோ படிக்கட்டிலோ என்றால் பேசாமல் தூக்கிக்கொண்டு பாதுகாப்பான இடத்துக்குப் போய்விட வேண்டும். அழுகை கோபத்திலிருந்து துயரத்துக்கு மாறும்போது குழந்தை கையை நீட்டும், மடியைத் தேடும். அப்போது அணைத்துக்கொள்வதைத் தோல்வி என்று சிலர் நினைக்கிறார்கள். கேட்ட பொருளைக் கொடுப்பது வேறு, ஆறுதல் தருவது வேறு. மடி எந்நேரமும் திறந்திருக்கலாம்.

பொது இடத்தில்தான் பெரியவர்களின் நிதானம் குலைகிறது. கல்யாண மண்டபத்தில், பேருந்தில், கடையின் பில் போடும் இடத்தில் குழந்தை கத்தும்போது அம்மாவைத் தாக்குவது பிள்ளையின் சத்தத்தைவிடச் சுற்றியிருப்பவர்களின் பார்வைதான். அடி விழுவதும், கேட்டதை அவசரமாக வாங்கித் தருவதும் பெரும்பாலும் அந்தப் பார்வைக்குச் சொல்லும் பதில்கள். கூட்டத்தை விட்டு வெளியே வந்து நின்றுகொண்டாலே பாதிப் பதற்றம் குறையும். பார்ப்பவர்களும் அந்த நேரத்தில் புத்திமதி சொல்லாமல் ஒதுங்கி வழிவிடலாம். அதைவிடப் பெரிய உதவி வேறில்லை.

பல அடங்களை வராமலே தடுக்க முடியும். ஃபுளோரன்ஸ் குட்இனஃப் என்ற உளவியலாளர் 1931-இல் வெளியிட்ட நூலுக்காக, 45 குழந்தைகளின் 1,878 கோபவெடிப்புகளைப் பெற்றோரைக் கொண்டே குறிப்பெடுக்க வைத்தார். சாப்பாட்டு நேரத்துக்கு முன்பும், களைப்பிலும், உடம்பு சரியில்லாதபோதும் கோபம் எளிதில் மூண்டது. எல்லா வீட்டுப் பாட்டிகளுக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனாலும் மதியத் தூக்கத்தைக் கெடுத்து உறவினர் வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டு, அங்கே பிள்ளை சமர்த்தாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நிற்கவில்லை. ஒன்று, இரண்டு வயதுக் குழந்தைக்கு நாளுக்கு 11 முதல் 14 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டுதல்.

இத்தனைக்குப் பிறகும் வரும் அடத்தில் முடிவு செய்யப்பட வேண்டியது ஒன்றே: ‘இல்லை’ என்ற சொல் நிற்குமா, நிற்காதா? எப்போதாவது ஒரு முறை பலன் தரும் செயல், ஒவ்வொரு முறையும் பலன் தரும் செயலைவிடக் கைவிடக் கடினமானது என்பதை உளவியலாளர்களான ஃபெர்ஸ்டரும் ஸ்கின்னரும் 1957-இல் விரிவாக எழுதினார்கள். நான்கு நாள் மறுத்துவிட்டு ஐந்தாம் நாள் சத்தம் தாங்காமல் செல்போனைக் கொடுத்தால், இன்னும் கொஞ்சம் கத்தினால் கிடைக்கும் என்பதைத்தான் குழந்தை கற்கிறது. கொடுக்கலாம் என்று மனத்தில் பட்டால் முதல் தடவை கேட்கும்போதே சிரித்த முகத்தோடு கொடுத்துவிடுவது நல்லது. மறுத்த பிறகு கொடுப்பதுதான் கெடுதல். அதனால் மறுப்புகள் குறைவாக இருக்க வேண்டும்: அடுப்பு, சாலை, அடுத்த பிள்ளையை அடிப்பது போன்றவற்றில் அசையாத ‘இல்லை’, எந்தச் சட்டை, எந்தத் தட்டு என்பவற்றில் பிள்ளையின் விருப்பம்.

கார்ல் வில்லியம்ஸ் என்ற உளவியலாளர் 1959-இல் பதிவு செய்த ஒரு சம்பவம் இங்கே கவனிக்கத் தக்கது. 21 மாதக் குழந்தை ஒன்று, பெரியவர்கள் பக்கத்தில் இல்லாவிட்டால் தூங்க மறுத்துக் கத்தியது. பெற்றோர் படுக்க வைத்துவிட்டுத் திரும்பி வராமல் இருந்தார்கள். முதல் முறை 45 நிமிட அழுகை. பத்தாம் முறைக்குள் சிணுங்கல்கூட இல்லை. ஒரு வாரம் கழித்து அத்தையோ சித்தியோ ஒருவர் படுக்க வைத்தார், அழுகைக்கு இரங்கித் திரும்பி வந்தார். பழைய அடம் முழுசாக மீண்டது. மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. அவ்வளவு நேரம் குழந்தையைத் தனியே அழவிடுவது கடுமையானது. அந்த முறையைப் பின்பற்றச் சொல்ல மனம் வராது. ஆனால் ஒரே ஒருவரின் இரக்கம் வீட்டு வழக்கத்தை எப்படிக் கலைக்கிறது என்பதை அது அப்பட்டமாகக் காட்டுகிறது.

தாத்தா பாட்டியோடு வாழும் வீடுகளில் இது தினசரிச் சிக்கல். ‘பிள்ளை ஏங்கிப்போகுது, குடுத்துடும்மா’ என்ற குரல் அன்பில் பிறப்பது. அதைப் பிள்ளையின் முன்னால் எதிர்த்துப் பேசினால் சண்டை இரண்டாகும். எல்லாரும் அமைதியாக இருக்கும் வேளையில் அசையாத மூன்று, நான்கு விதிகளை மட்டும் பேசி வைத்துக்கொள்வது நடைமுறைக்கு ஒத்துவரும். மற்றதில் பாட்டி செல்லம் கொடுத்துவிட்டுப் போகட்டும். பூச்சாண்டி வருவான், டாக்டர் ஊசி போடுவார் என்ற மிரட்டல் மட்டும் வேண்டாம். அது அழுகையைப் பயத்தால் அமுக்குகிறது. பிறகு காய்ச்சலுக்கு மருத்துவரிடம் போகும்போது அந்தப் பயம் திரும்பி வருகிறது. அடியும் அப்படித்தான். கோபம் வந்தால் கை ஓங்கலாம் என்பதைப் பெரியவரே செய்துகாட்டிவிடுகிறார்.

சில குழந்தைகள் அழும்போதே மூச்சை அடக்கி, உதடு நீலம் பாரித்து, சில நொடிகள் நினைவிழக்கும். பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும் பெரும்பாலும் தானே தெளிந்துவிடும். முதல் முறை நடந்ததும் குழந்தை மருத்துவரிடம் காட்ட வேண்டும். இரும்புச்சத்துக் குறைவுக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி ஐந்து வயதுக்குட்பட்ட இந்தியக் குழந்தைகளில் 67 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருப்பதால் ரத்தப் பரிசோதனையைத் தட்டிக்கழிக்கக் கூடாது. வழக்கமாகவே அரைமணி நேரம் நீளும் அடம், ஒரே நாளில் பலமுறை வரும் அடம், தன்னையே கடித்துக் காயப்படுத்திக்கொள்ளும் அடம், நான்கு வயதுக்குப் பிறகும் குறையாத அடம் ஆகியவற்றுக்கும் மருத்துவ ஆலோசனை தேவை. இரண்டு வயதாகியும் இரு சொற்களைச் சேர்த்துப் பேசாத குழந்தை ஓயாமல் அடம்பிடித்தால், அதற்குக் காது சரியாகக் கேட்கிறதா என்று முதலில் சோதித்துப் பார்க்க வேண்டும்.