ஏழாம் இடம் போதுமா?

தென்கிழக்கு லண்டனின் சார்ல்டன் அத்லெட்டிக் கால்பந்து கிளப்பை விட்டு மேலாளர் ஆலன் கர்பிஷ்லி விலகுகிறார் என்ற செய்தி 2006 ஏப்ரல் இறுதியில் வந்தது. 1991-இல் இன்னொருவரோடு சேர்ந்து பொறுப்புக்கு வந்தவர். 1995 முதல் தனியாக நடத்தியவர். கையில் காசில்லாத இரண்டாம் நிலை அணியை பிரீமியர் லீகுக்குக் கொண்டுவந்து, ஆறு பருவங்கள் அங்கேயே நிற்க வைத்தார். 2003-04-இல் ஏழாம் இடம். அந்த ஜனவரியில் நான்காம் இடத்தில் இருந்தபோது, நடுக்கள வீரர் ஸ்காட் பார்க்கரை ஒரு கோடி பவுண்டு கொடுத்து செல்சி தூக்கிக்கொண்டு போனது. அடுத்த ஆண்டு பதினோராம் இடம், அதற்கடுத்த ஆண்டு பதின்மூன்று. வீழ்ச்சி என்று சொல்ல எதுவும் நடக்கவில்லை. ஆனாலும் கேலரியில் முணுமுணுப்பு கிளம்பிவிட்டது. மார்ச் பிறந்தால் அணி தூங்கிவிடுகிறது. இவரால் முடிந்தது இவ்வளவுதான். அடுத்த படிக்கு ஏற வேறு ஆள் வேண்டும்.

அவர் போனபின் ஒரே பருவத்தில் மூன்று மேலாளர்கள். 2007-இல் பிரீமியர் லீகிலிருந்து இறக்கம். 2009-இல் மூன்றாம் நிலைக்கும் இறங்கியாயிற்று.

அன்று தொடங்கி இங்கிலாந்துக் கால்பந்தில் சார்ல்டன் ஒரு நீதிக்கதை. நடுத்தர அணி ஒன்றின் ரசிகர்கள் மேலாளரைக் குறைசொல்லத் தொடங்கினால் போதும், 'சார்ல்டனைப் பாருங்கள்' என்று யாராவது சொல்லிவிடுவார்கள். பேராசை பெருநஷ்டம், இருப்பதைக் கொண்டு திருப்திப்படு என்பதுதான் அதன் சாரம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கதை நடந்ததோடு ஒத்துப்போகவில்லை. கர்பிஷ்லியை யாரும் நீக்கவில்லை. ஒப்பந்தத்தில் ஓர் ஆண்டு மிச்சமிருக்க, நீட்டிப்பு கூடிவராமல் இரு தரப்பும் பேசிப் பிரிந்தார்கள். அவருக்குப் பின் வந்தவர்களைத் தேர்ந்தெடுத்ததும், புது வீரர்களுக்குச் செலவழித்ததும் நிர்வாகக் குழு. கேலரியில் முணுமுணுத்தவர் எந்தக் காசோலையிலும் கையெழுத்துப் போடவில்லை. முடிவெடுத்தவர்களின் பிழையை ஆசைப்பட்டவர்களின் தலையில் கட்டுவதற்குப் பெயர் நீதிக்கதையா?

சரி, விளைவைத் தள்ளிவைத்துவிடலாம். அணி கவிழ்ந்ததற்கு ரசிகர் காரணமில்லை என்றே கொள்வோம். அப்போதும் கேள்வி மிஞ்சுகிறது: ஏழாம் இடம் போதாது என்று நினைத்தது விசுவாசக் குறைவா?

சார்ல்டன் ரசிகர்களை அறிந்தவர்களுக்கு இந்தக் கேள்வியே விந்தையாக இருக்கும். 'தி வேலி' என்ற அவர்களது மைதானம், கைவிடப்பட்ட குழி ஒன்றில் 1919 வாக்கில் தொண்டர்கள் மண் சுமந்து உருவாக்கியது. 1938-இல் ஆஸ்டன் வில்லாவோடு நடந்த ஓர் ஆட்டத்துக்கு 75,031 பேர் வந்தார்கள். ஏறக்குறைய அரை நூற்றாண்டு கழித்து, 1985 செப்டம்பரில் கிரிஸ்டல் பேலஸ் ஆட்டத்துக்கு வந்தவர்களின் கையில் ஒரு துண்டறிக்கை திணிக்கப்பட்டது: இனி இங்கே ஆட்டம் இல்லை, செல்ஹர்ஸ்ட் பார்க்குக்குப் போகிறோம். அது அன்று எதிரே ஆடிக்கொண்டிருந்த அதே கிரிஸ்டல் பேலஸின் மைதானம். வீட்டை இழந்த சேதி வாசலில் நோட்டீஸாக வந்தது.

அதன்பின் ஏழு ஆண்டுகள் வாடகைக் குடித்தனம். வேலியின் படிக்கட்டுகளில் புதரும் மரமும் முளைத்தன. 1989-இல் திரும்பி வரலாம் என்ற பேச்சு எழுந்ததும் ரசிகர்களே களைவெட்டப் போனார்கள். வெட்டிய குப்பையை ஆடுகளத்திலேயே குவித்துக் கொளுத்தினார்கள். 1990 ஜனவரியில் கிரீனிச் நகராட்சி மன்றம் கட்டட அனுமதியை மறுத்தது. அவர்கள் அழுதுகொண்டு உட்காரவில்லை, கட்சி தொடங்கினார்கள். 'வேலி கட்சி' என்ற பெயரில் அந்த மே மாத உள்ளாட்சித் தேர்தலில் நின்று 14,838 வாக்குகள் வாங்கினார்கள். ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை. ஆனால் அடுத்த ஆண்டே அனுமதி கிடைத்தது. கிளப்பின் மைதானத்துக்காக, அந்த ஒரே கோரிக்கையோடு கட்சி கட்டித் தேர்தலில் நின்றவர்கள் கால்பந்து உலகில் மிக அரிது. 1992 டிசம்பர் 5 அன்று போர்ட்ஸ்மத்துக்கு எதிராக ஆட்டம். ஒரே கோல், வெற்றி. கேலரியில் எட்டாயிரத்துச் சொச்சம் பேர்.

முணுமுணுத்தவர்களில் பலர் இப்படிக் களைவெட்டியவர்கள்தான். அவர்களிடம் போய் விசுவாசம் பற்றிப் பாடம் நடத்த யாருக்கு வாய் வரும்? கோரிக்கை வைப்பது விசுவாசத்துக்கு எதிரானதல்ல என்பதற்கு அவர்கள் வரலாறே சாட்சி. அந்த ஏழு ஆண்டுகள் முழுக்க அவர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். நிர்வாகத்தை எதிர்த்தும் கேட்டார்கள், நகராட்சியை எதிர்த்தும் கேட்டார்கள். 'இருப்பதைக் கொண்டு திருப்திப்படு' என்ற உபதேசத்தைக் கேட்டிருந்தால் வேலியில் இன்று அடுக்குமாடிக் குடியிருப்பு நின்றிருக்கும்.

இருந்தாலும் 1990-இல் கேட்டதும் 2006-இல் கேட்டதும் ஒன்றல்ல. நம் ஊர் மைதானத்தில் ஆட வேண்டும், கிளப்பின் கணக்கு நேர்மையாக இருக்க வேண்டும், டிக்கெட் விலை உள்ளூர்க்காரருக்கு எட்ட வேண்டும் என்று இருபது அணிகளின் ரசிகர்களும் ஒரே நேரத்தில் கேட்கலாம். இருபது பேருக்கும் கொடுக்கவும் முடியும். ஒருவருக்குக் கொடுப்பதால் இன்னொருவருக்குக் குறையாது. ஏழாம் இடம் அப்படியில்லை. அதில் ஓர் அணிதான் நிற்க முடியும். நான்காம் இடமும் அப்படியே. பிரீமியர் லீகில் ஆண்டுதோறும் மூன்று அணிகள் இறங்கியே ஆக வேண்டும். இருபது மேலாளர்களும் மேதைகளாக இருந்தாலும் மூவர் இறங்குவார்கள். ஒருவர் ஏறுவதற்கு இன்னொருவர் சறுக்க வேண்டிய இடத்தில், ஏற்றத்தை ஆசைப்படலாம், அதற்காகத் தொண்டை கிழியக் கத்தலாம், உரிமையாகக் கேட்க முடியாது. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் இருக்க முடியாத ஒன்று யாருக்கும் உரிமை ஆகாது.

ஆசை கடனாக மாறும் இடத்தில்தான் கோணல் தொடங்குகிறது. ஏழாம் இடம் வந்த ஆண்டு அது பரிசு. அடுத்த ஆண்டு அது அளவுகோல். மூன்றாம் ஆண்டு அதற்குக் கீழே வந்தது ஏமாற்று. யாரும் வாக்குக் கொடுக்கவில்லை; ஆனாலும் வாக்குத் தவறிவிட்டதுபோல் கோபம் வருகிறது. தந்தவர்மேல் நன்றியாக இருந்தது, தந்ததன் காரணமாகவே அவர்மேல் குற்றச்சாட்டாகிறது. கர்பிஷ்லி பதின்மூன்றாம் இடத்தோடே தொடங்கி பதின்மூன்றாம் இடத்தோடே முடித்திருந்தால் அவரைக் குறைசொல்ல ஆள் இருந்திருக்காது. அவர் செய்த பிழை, ஒருமுறை ஏழாவதாக வந்தது.

இங்கே ஒரு தடையையும் கேட்டாக வேண்டும். ரசிகர் இலவசமாக உட்காரவில்லையே. சீசன் டிக்கெட், சட்டை, வெளியூர் ரயில் எல்லாவற்றுக்கும் பணம் கட்டுகிறார்; தரம் கேட்கக்கூடாதா? கேட்கலாம், கட்டிய பணத்துக்கு ஈடாக முயற்சியைக் கேட்கலாம். ஓடாமல் நின்ற வீரரைக் கண்டிக்கலாம். ஆனால் வாடிக்கையாளர் என்ற வேடத்தைப் போட்டுக்கொள்ளும்போது ரசிகர் எதை விட்டுக்கொடுக்கிறார் என்பதற்கும் சார்ல்டனிலேயே உதாரணம் இருக்கிறது. 2014-இல் பெல்ஜியத்துக்காரர் ரோலண்ட் துஷாத்லே கிளப்பை வாங்கினார். மேலாளர்கள் வருவதும் போவதுமாக இருந்தார்கள். 2016-இல் அணி மீண்டும் மூன்றாம் நிலைக்கு இறங்கியது. அவரது தலைமை நிர்வாகி ஒரு மாநாட்டில், உணவகத்திலோ சினிமாவிலோ திருப்தி இல்லையென்றால் பொறுப்பாளர்களிடம் போய்க் கத்துவார்களா என்ற பொருளில் ரசிகர்களைப் பற்றிப் பேசினார். கிளப் தங்களுடையது என்று அவர்கள் நினைப்பது அவருக்கு வினோதமாகப் பட்டது. வாடிக்கையாளர் என்று நம்மை நாமே சொல்லிக்கொண்டால், வரும் பதில் இதுதான்: பிடிக்காவிட்டால் வேறு கடைக்குப் போ.

அவர்கள் போகவில்லை. 2016 அக்டோபரில் கவென்ட்ரி சிட்டி வேலிக்கு ஆட வந்தது. அந்த அணியின் ரசிகர்களும் தங்கள் உரிமையாளர்மேல் இதே கடுப்பில் இருந்தவர்கள். ஆட்டம் தொடங்கியதும் இரண்டு தரப்பும் சேர்ந்து ஆயிரக்கணக்கான சின்னஞ்சிறு பிளாஸ்டிக் பன்றிகளைக் களத்தில் கொட்டின. நடுவர் ஆட்டத்தை நிறுத்த, ஊழியர்கள் குனிந்து குனிந்து பன்றி பொறுக்கினார்கள். தோற்கடிக்க வேண்டிய அணியின் ரசிகரோடு கைகோத்து நடத்திய போராட்டம் அது. வெற்றியைக் கேட்டிருந்தால் இந்தக் கூட்டணி அமைந்திருக்குமா? அன்று ஒருவருக்குத்தான் மூன்று புள்ளி. நல்ல நிர்வாகத்தைக் கேட்டார்கள். அதை இருவரும் சேர்ந்தே கேட்க முடிந்தது.

எதிர்பார்ப்பைக் குறை என்று ரசிகரிடம் சொல்பவர் யார் என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது. பெரும்பாலும் அவர் உரிமையாளராகவோ, உரிமையாளருக்கு வேண்டியவராகவோ இருக்கிறார். நியூகாசில் யுனைடெட்டை மைக் ஆஷ்லி 2007 முதல் 2021 வரை வைத்திருந்தார். இருமுறை தரமிறக்கம், ஐம்பதாயிரம் பேர் நிரம்பும் மைதானம், 1955-க்குப் பின் உள்நாட்டுக் கோப்பை எதுவுமில்லை. முதலீடு எங்கே என்று கேட்ட ரசிகர்களுக்கு, உங்கள் எதிர்பார்ப்பு எல்லை மீறியது என்ற பதில் வெளியார் பலரிடமிருந்து வந்தது. அங்கே திருப்தி என்பது அறமாக இருக்கவில்லை, உரிமையாளருக்குச் சௌகரியமாக இருந்தது.

ஆனால் நியூகாசிலின் அடுத்த அத்தியாயம் இன்னும் சங்கடமானது. 2021 அக்டோபரில் சவூதி அரசின் முதலீட்டு நிதியம் தலைமையிலான குழு கிளப்பை வாங்கியபோது, மைதானத்துக்கு வெளியே ரசிகர்கள் கூடிக் கொண்டாடினார்கள். சிலர் அரபுத் தலைப்பாகை கட்டியிருந்தார்கள். சவூதி அரசின் ஆட்களால் பத்திரிகையாளர் ஜமால் கஷோகி கொல்லப்பட்டு மூன்றாண்டுதான் ஆகியிருந்தது. மனித உரிமை அமைப்புகள் எச்சரித்தும் பலருக்கு அது காதில் ஏறவில்லை. 2025 மார்ச்சில் லீக் கோப்பை இறுதியில் லிவர்பூலை வென்று எழுபது ஆண்டுக் காத்திருப்பு முடிந்தது. உரிமையாளரை ரசிகர் தேர்ந்தெடுப்பதில்லை. பிறந்த ஊரின் அணியை அதற்காகக் கைவிடச் சொல்வதும் நியாயமில்லை. அந்தக் கோப்பைக்கு அழுத முதியவரிடம் குற்றம் காண முடியாது. ஆனால் அணியை ஆதரிப்பது ஒன்று, அணியின் உரிமையாளருக்காக வக்காலத்து வாங்குவது இன்னொன்று. இரண்டாவதை எந்த விசுவாசமும் கேட்கவில்லை. வெற்றி நமக்கு வரவேண்டிய பாக்கி என்று மனம் தீர்மானித்துவிட்டால், அதை வசூலித்துத் தருபவர் யாராக இருந்தாலும் நல்லவராகத் தெரியத் தொடங்குகிறார். எதிர்பார்ப்பின் உண்மையான ஆபத்து தரமிறக்கம் அல்ல, இதுதான்.

ஒரு விஷயத்தை இடையில் சொல்லிவிடலாம். 1998-இல் வெம்ப்ளியில் சார்ல்டனை முதன்முறை பிரீமியர் லீகுக்கு அனுப்பிய ஆட்டத்தில் மூன்று கோல் அடித்தவர் கிளைவ் மென்டோன்சா. எதிரணி சண்டர்லாந்து. மென்டோன்சா சண்டர்லாந்தில் வளர்ந்து அந்த அணியையே நேசித்தவர். 4-4 என்று முடிந்து பெனால்டிக்குப் போக, கடைசிப் பந்தைத் தவறவிட்டவர் சண்டர்லாந்தில் பிறந்த மைக்கேல் கிரே. விசுவாசம் என்றால் ஆட்டத்தின் முடிவோடு கட்டிப்போட்ட ஒன்று என்று நினைப்பவர்கள் அந்த மாலையை எப்படி வகைப்படுத்துவார்கள் என்று தெரியவில்லை.

மேலாளருக்குக் கடன்பட்டது என்ன என்பதுதான் எஞ்சியிருப்பதில் கடினமான கேள்வி. லெஸ்டர் சிட்டி 2015-16-இல் பட்டம் வெல்லும் என்பதற்குப் பந்தயக்காரர்கள் வைத்த விகிதம் ஐயாயிரத்துக்கு ஒன்று. கிளாடியோ ரனியேரி வென்று காட்டினார். 2017 பிப்ரவரி 23 அன்று, பட்டம் கைக்கு வந்து பத்து மாதம்கூட ஆகாத நிலையில், தரமிறக்கக் கோட்டுக்கு ஒரு புள்ளி மேலே அணி நின்றபோது அவரை நீக்கினார்கள். நீதிக்கதைப்படி அதன்பின் அணி மூழ்கியிருக்க வேண்டும். மூழ்கவில்லை. அடுத்த ஆட்டத்தில் லிவர்பூலை 3-1 என்று வென்றது; பருவத்தைப் பன்னிரண்டாம் இடத்தில் முடித்தது. ஆகவே விளைவை வைத்துத் தீர்ப்புச் சொன்னால் உரிமையாளர்கள் செய்தது சரி, சார்ல்டன் நிர்வாகம் செய்தது தவறு. விளைவு எவ்வளவு மோசமான நீதிபதி என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

அணியைக் காப்பாற்றுவது உரிமையாளரின் பொறுப்பு. நீக்கம் அவர்களது கணக்கில் நியாயப்படலாம். ரசிகரின் கணக்கு வேறு. ஒரு மேலாளருக்கு ஆயுள் முழுக்க வேலை தரவேண்டிய கடன் ரசிகருக்கு இல்லை. அவர் தந்ததைத் தந்ததாகவே நினைவில் வைத்திருக்கும் கடன் உண்டு. அடுத்த தோல்வியைக் காட்டி அதைக் கழித்துவிட முடியாது. லிவர்பூல் ஆட்டத்துக்கு லெஸ்டர் ரசிகர்களில் சிலர் ரனியேரியின் முகம் அச்சிட்ட முகமூடியோடு வந்தார்கள். அவரை நீக்கியதைக் கண்டித்தார்கள், அவர் இல்லாத அணி அடித்த மூன்று கோலுக்கும் குதித்தார்கள். சிலருக்கு அது இரட்டை வேடமாகத் தெரிந்திருக்கலாம். அதில் முரண் எதுவும் இல்லை.