சராசரியும் நீதியும்

கல்லூரிகளில் பயிலும் நம் பிள்ளைகளை இன்று ஓர் எண் அடையாளப்படுத்துகிறது. சி.ஜி.பி.ஏ. என்று அதனைச் சொல்கிறார்கள். மேற்படிப்புக்கு விண்ணப்பித்தால் அதனைக் கேட்கிறார்கள். வேலைக்குச் சென்றால் அதனைக் கேட்கிறார்கள். சம்பந்தம் பேச வந்த இடத்திலும் அதனைக் கேட்பவர்கள் உண்டு. நூற்றுக்கு இத்தனை என்று கேட்டுப் பழகிய பெற்றோருக்கு 7.1 என்பது நிறைவா குறைவா என்று விளங்குவதில்லை. ஆதலால் அண்டை வீட்டுப் பிள்ளையின் எண்ணை விசாரிக்கிறார்கள். அது 8.2 என்று தெரிந்ததும், அந்த வித்தியாசத்தின் அளவுக்குத் தம் பிள்ளை மதிப்புக் குறைந்தவன் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

ஒரு மனிதனை ஓர் எண்ணால் நிறுப்பது நீதியாகுமா? இதற்கு விடை காணுமுன், அவ்வெண் எவ்வாறு பிறக்கிறது என்பதை அறிந்துகொள்ள வேண்டும். தராசு எதை நிறுக்கிறது என்றறியாமல் அதனைப் புகழ்வதும் தவறு, பழிப்பதும் தவறு.

பல்கலைக்கழக மானியக் குழு 2015ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் பத்துப் புள்ளி அளவுகோல் ஒன்றை வகுத்துத் தந்தன. மிகச் சிறந்த தரத்துக்கு 10, அதற்கடுத்த தரங்களுக்கு 9, 8, 7, 6, 5, தேர்ச்சி மட்டும் பெற்றவருக்கு 4, தவறியவருக்கு 0. பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் இதில் சிற்சில மாறுதல்கள் உண்டு. ஒவ்வொரு பாடத்துக்கும் கிரெடிட் என்னும் எடை ஒன்றும் உண்டு. வாரத்திற்கு ஒரு மணி நேர வகுப்பு அல்லது இரண்டு மணி நேரச் செய்முறைப் பயிற்சி ஒரு கிரெடிட் என்பது அந்நெறிகளில் கண்ட கணக்கு.

ஒரு மாணவனுக்கு ஒரு பருவத்தில் ஐந்து பாடங்கள் என்று கொள்வோம். தமிழுக்கு 3 கிரெடிட். பெற்ற புள்ளி 8. ஆங்கிலத்துக்கு 3, புள்ளி 7. முதன்மைப் பாடங்கள் இரண்டுக்கும் தலைக்கு 5 கிரெடிட். ஒன்றில் 9 புள்ளியும் மற்றொன்றில் 4 புள்ளியும் பெற்றான். துணைப்பாடத்துக்கு 4 கிரெடிட், புள்ளி 8. ஒவ்வொரு புள்ளியையும் அதனதன் கிரெடிட்டால் பெருக்கினால் முறையே 24, 21, 45, 20, 32 ஆகும். கூட்டினால் 142. கிரெடிட்டுகளின் மொத்தம் 20. 142ஐ 20ஆல் வகுத்தால் 7.1. இதுவே அந்தப் பருவத்தின் சராசரி. ஐந்து புள்ளிகளையும் வெறுமனே கூட்டி ஐந்தால் வகுத்திருந்தால் 7.2 வந்திருக்கும். எடை மிகுந்த பாடமொன்றில் அவன் சறுக்கினான். ஆதலால் சராசரி சிறிது இறங்கியது. எல்லாப் பருவங்களையும் இவ்வாறே எடையிட்டுச் சேர்த்தால் கிடைப்பது சி.ஜி.பி.ஏ.

இந்தக் கணக்கில் ஒரு நியாயம் இருக்கிறது. பெரிய சுமைக்குப் பெரிய எடை, சிறிய சுமைக்குச் சிறிய எடை என்பது அதன் அடிப்படை. அரபு நாடுகளின் பல்கலைக்கழகங்களில் இந்தச் சராசரிக்கு ‘முஅத்தல்’ என்று பெயர். ஐன், தால், லாம் என்னும் மூவெழுத்து வேரிலிருந்து வந்த சொல் அது. நீதி எனப் பொருள்படும் ‘அத்ல்’ பிறந்ததும் அதே வேரில்தான். ஒட்டகத்தின் இருபுறமும் சமமாகத் தொங்கும் இரு பொதிகளில் ஒன்றை ‘இத்ல்’ என்று அரபிகள் அழைத்தனர். ஒரு பக்கம் தாழ்ந்தால் ஒட்டகம் நடக்க இயலாது. இந்தச் சமநிலையின் நினைவு சராசரி என்னும் சொல்லிலும் தங்கியிருக்கிறது.

மேலும், எண் முகம் பார்ப்பதில்லை. செல்வந்தரின் மகனுக்கும் மீன் விற்பவரின் மகளுக்கும் பெருக்கல் ஒன்றே, வகுத்தலும் ஒன்றே. சிபாரிசுக் கடிதம் ஒன்றையே நம்பியிருந்தால், யாரையும் அறியாத வீட்டுப் பிள்ளை வாசலிலேயே நிற்க வேண்டியிருக்கும். எண்ணை முற்றிலும் ஒழித்துவிட வேண்டுமென்று கூறுவோர் இதனை மறந்துவிடலாகாது. ஜகாத்துக்கு நிஸாபும் நாற்பதில் ஒரு பங்கும், வாரிசுரிமைக்குப் பின்னங்களும் விதிக்கப்பட்ட மார்க்கத்தைச் சேர்ந்தவர்கள் நாம். அளவையைக் கண்டு நாம் அஞ்ச வேண்டியதில்லை.

எனினும் அதே 7.1ஐ இன்னொரு வழியாலும் அடையலாம். முன்னவனுடன் பயிலும் வேறொரு மாணவி மற்ற மூன்று பாடங்களிலும் அவன் பெற்ற அதே புள்ளிகளைப் பெறுகிறாள்; முதன்மைப் பாடங்களில் மட்டும் 9க்கும் 4க்கும் பதிலாக 7ம் 6ம் பெறுகிறாள். அவளுடைய கூட்டுத்தொகையும் 142; சராசரியும் 7.1. இவர்களில் ஒருவன் ஒரு துறையில் ஆழ்ந்தவன், மற்றொன்றில் தட்டுத் தடுமாறித் தேறியவன். மற்றவள் இரண்டிலும் நடுத்தரம். இரண்டாம் பாடத்தின் அறிவு தேவைப்படும் வேலைக்கு அவனை எடுத்தால் வேலை கெடும். முதற்பாடத்தில் ஆராய்ச்சி செய்ய அவளையே தேர்ந்தால் அவனுடைய திறமை வீணாகும். சராசரியோ, இருவரும் ஒருவரே என்கிறது.

புள்ளியின் படிகளிலும் இத்தகைய மறைப்பு உண்டு. 50 முதல் 59 வரை மதிப்பெண் பெற்றவருக்கு 6 புள்ளி, 60 முதல் 69 வரை 7 புள்ளி என்று ஒரு கல்லூரி வகுத்திருப்பதாகக் கொள்வோம். 59க்கும் 60க்கும் இடையே உள்ளது ஒரே மதிப்பெண். புள்ளியிலோ ஒரு முழுப் படி. 60க்கும் 69க்கும் இடையே ஒன்பது மதிப்பெண்கள். புள்ளியில் வேறுபாடே இல்லை. இப்படிப் பிறந்த எண்ணைத் தசம ஸ்தானம் வரை ஒப்பிட்டு இவன் உயர்ந்தவன், அவன் தாழ்ந்தவன் என்பது அறிவுடைமையாகாது.

இங்கே நம் ஹதீஸ் கலை இமாம்களின் வழக்கத்தை நினைத்துப் பார்ப்பது பயன் தரும். மனிதர்களைத் தரம் பிரிப்பதில் அவர்கள் அடைந்திருந்த நுட்பம் வியக்கத்தக்கது. ஹிஜ்ரி 852இல் மறைந்த இமாம் இப்னு ஹஜர் அஸ்கலானீ (ரஹ்) அவர்கள் தம் ‘தக்ரீபுத் தஹ்தீப்’ என்னும் நூலில் ஆயிரக்கணக்கான அறிவிப்பாளர்களைப் பன்னிரண்டு படித்தரங்களில் வைத்தார்கள். நபித்தோழர்கள் முதற்படியில், நம்பத்தக்க ‘ஸிகத்’, உண்மையாளரான ‘ஸதூக்’, பலவீனரான ‘ளயீஃப்’ என்றெல்லாம் இறங்கி, இட்டுக்கட்டிப் பொய்யுரைப்போர் பன்னிரண்டாம் படியில். தரம் பிரிப்பது பாவமென்று அவர்கள் கருதியிருந்தால் அந்தக் கலையே தோன்றியிராது.

ஆனால் கூட்டி வகுக்கும் வேலையை அவர்கள் செய்யவில்லை. ஓர் அறிவிப்பாளரிடம் இரண்டு தகுதிகளைத் தேடினார்கள். ஒன்று ‘அதாலத்’ என்னும் நன்னடத்தை; இதுவும் அத்ல் பிறந்த வேரில் வந்ததே. மற்றொன்று ‘ளப்து’ என்னும் மனனத் துல்லியம். நினைவாற்றலில் நிகரற்றவர் ஒருவர் பொய்யராயிருந்தால், நினைவுக்குப் பத்து, நேர்மைக்குச் சுழியம், ஆகச் சராசரி ஐந்து, எனவே தேர்ச்சி என்று எந்த இமாமும் சொன்னதில்லை. நேர்மை போனால் முழுவதும் போயிற்று. நல்லவராயினும் மறதி மிகுந்தவராயிருந்தால் அந்த நன்மை மறதியை மூடவில்லை. நல்லவர், ஆனால் மனனத்தில் குறையுள்ளவர் என்று இரண்டையும் பக்கம் பக்கமாக எழுதி வைத்தார்கள்.

இன்னும் நுணுகிப் பார்த்தார்கள். ஹிம்ஸ் நகரத்து இஸ்மாயீல் இப்னு அய்யாஷ் அவர்கள் தம் ஷாம் நாட்டவரிடமிருந்து அறிவித்தால் ஏற்கத்தக்கவர். ஹிஜாஸ் முதலிய பிற பகுதியினரிடமிருந்து அறிவித்தால் தடுமாறுபவர் என்பது ஹதீஸ்கலை அறிஞர் பலரின் தீர்ப்பு. அவர் நடுத்தரமானவர் என்று சொல்லிவிட்டிருந்தால், ஷாமியரிடமிருந்து அவர் அறிவித்த நல்லவற்றுக்கு அநியாயம் நேர்ந்திருக்கும். மற்றவற்றுக்குத் தகாத மதிப்புக் கிடைத்திருக்கும். ஒரே மனிதரின் பலமும் பலவீனமும் அதனதன் இடத்தில் அறியப்பட்டன.

காலத்தையும் அவர்கள் கருத்தில் கொண்டார்கள். அதா இப்னுஸ் ஸாயிப் அவர்களுக்குப் பிற்காலத்தில் நினைவு குழம்பியது. ஆதலால் ஸுஃப்யானுஸ் ஸவ்ரீ (ரஹ்), ஷுஃபா (ரஹ்) போன்றோர் அவரிடம் முற்காலத்தில் கேட்டவை ஏற்கப்பட்டன; பிற்காலத்தில் கேட்டவர்களின் அறிவிப்புகள் வேறாக எடைபோடப்பட்டன. நம் சராசரியோ காலத்தை அறியாது. கிரெடிட்டுகள் சமமாயுள்ள ஆறு பருவங்களில் ஒருவன் 5, 6, 7, 7, 8, 9 என்று ஏறுகிறான். மற்றவன் 9, 8, 7, 7, 6, 5 என்று இறங்குகிறான். இருவருக்கும் முடிவில் 7.0தான். பட்டிக்காட்டுப் பள்ளியிலிருந்து வந்து, ஆங்கிலம் புரியாமல் முதலாண்டில் திணறி, மூன்றாமாண்டில் தலைநிமிர்ந்த பிள்ளையின் வளர்ச்சியை அந்த எண் விழுங்கிவிடுகிறது. மதிப்பெண் பட்டியலில் அது இருக்கத்தான் செய்கிறது. கடைசி வரியை மட்டும் படிப்பவர் கண்ணுக்குத்தான் அது தெரிவதில்லை.

ஆகவே கேள்விக்கான விடை இதுவெனத் தோன்றுகிறது: பாடச் சுமையின்படி இவர் தேர்வுகளை எவ்வாறு எழுதினார் என்ற ஒரு கேள்விக்குச் சராசரி நேர்மையான விடை தருகிறது. இவர் எத்தகைய அறிஞர், எத்தகைய மனிதர் என்னும் வேறு கேள்விகளை அதனிடம் கேட்கும்போதுதான் அநீதி தொடங்குகிறது. அந்த அநீதியைச் செய்வது எண்ணன்று, கேட்பவர்களாகிய நாமே.

இதனால் மாணவருக்கு நேரும் தீங்கு ஒன்றுண்டு. விருப்பப் பாடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, எது தனக்குப் பயன்படும் என்று கேளாமல், எதில் புள்ளி எளிதில் கிடைக்கும் என்று கேட்கிறான். கடினமான கணிதத்தையோ புதிய மொழியையோ தொட அஞ்சுகிறான். அறிவைத் தேடி வந்தவன் எண்ணைக் காவல் காப்பவனாகிறான். அந்த அச்சம் முற்றினால் காப்பியடிக்கவும் கை நீளுகிறது. தம்மிடம் வழக்குக் கொண்டுவருவோரில் வாதத் திறமை மிகுந்தவருக்குச் சார்பாகத் தாம் கேட்டதைக் கொண்டு தீர்ப்பளித்துவிடக் கூடும் என்றும், அவ்வாறு தம் சகோதரரின் உரிமையைப் பெற்றவர் நெருப்பின் துண்டொன்றையே பெற்றவராவார் என்றும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். நபியின் தீர்ப்பே தவறான உடைமையை ஹலாலாக்காது என்றால், பல்கலைக்கழகத்தின் முத்திரை எம்மாத்திரம்? காப்பியடித்துப் பெற்ற ஒரு புள்ளி, வரிசையில் பின்னே தள்ளப்பட்ட இன்னொரு பிள்ளையின் உரிமையாகும்.

ஆசிரியரின் பொறுப்பும் சிறிதன்று. கல்லூரியில் இன்டர்னல் மதிப்பெண் அவர் கையில் இருக்கிறது. அளவையில் மோசடி செய்வோருக்குக் கேடென்று எச்சரிக்கும் ‘முதஃப்ஃபிபீன்’ அத்தியாயம் கடைத்தெருவுக்கு மட்டும் அருளப்பட்டதன்று. வெறுப்பினால் குறைத்து இடுவது மோசடி என்று எல்லாரும் ஒப்புவர். இரக்கத்தினாலோ உறவினாலோ கூட்டி இடுவதும், நேர்மையாக எழுதிய மற்றவனைக் குறைப்பதேயாகும். இமாம் புகாரீ (ரஹ்) அவர்களின் ஆசிரியரான அலீ இப்னுல் மதீனீ (ரஹ்) அவர்களிடம் அவர்களுடைய தந்தையின் அறிவிப்பைப் பற்றி வினவினார்கள். வேறு யாரிடமாவது கேளுங்கள் என்று முதலில் விலகினார்கள். மீண்டும் வற்புறுத்தியபோது, இது மார்க்க விஷயம் என்று கூறித் தம் தந்தை பலவீனமானவர் என்றே சொன்னார்கள். தந்தையை அவர்கள் அவமதிக்கவில்லை. தராசை அவமதிக்க மறுத்தார்கள்.

பெற்றோர் செய்யத்தக்கது என்ன? மதிப்பெண் பட்டியலை முழுவதும் படியுங்கள். எந்தப் பாடத்தில் பிள்ளை ஒளிர்கிறான், எதில் உதவி வேண்டி நிற்கிறான், பருவத்துக்குப் பருவம் ஏறுகிறானா இறங்குகிறானா என்று பாருங்கள். அரியர் இருந்தால் ஏன் விழுந்தது என்று அமைதியாகக் கேளுங்கள். அண்டை வீட்டு எண்ணை இடையே கொண்டுவராதீர்கள். தேர்வு முடிவைக் கண்டு மனமுடைந்து உயிரையே மாய்த்துக்கொண்ட இளைஞர்களின் செய்திகளை நாம் படித்திருக்கிறோம். வகுத்தல் கணக்கொன்றின் விடை ஓர் உயிரின் விலையாகிவிட நாம் காரணமாகலாமா?

எண்ணில் உயர்ந்த பிள்ளையின் பெற்றோருக்கும் ஒரு சொல் உண்டு. மறுமையில் தொழுகை, நோன்பு, ஜகாத் ஆகியவற்றோடு வந்தும் திவாலாகிப் போகும் மனிதனைப் பற்றி நாயகம் (ஸல்) அவர்கள் விளக்கியிருக்கிறார்கள். அவன் ஒருவனை ஏசியிருப்பான், மற்றொருவன் பொருளை உண்டிருப்பான், வேறொருவனை அடித்திருப்பான். அவனுடைய நன்மைகள் அவர்களுக்குப் பங்கிடப்பட்டுத் தீர்ந்துபோகும். வணக்கத்தில் உயர்ந்தவன் என்பதால் பிறருக்கிழைத்த தீங்கு சராசரியில் கரைந்துவிடவில்லை. வணக்கத்துக்கே அந்நிலை என்றால், 9.5 வாங்கிய மகன் வீட்டு வேலைக்காரரிடம் கடுஞ்சொல் பேசுவதை அந்த 9.5 எப்படி மறைக்கும்?

அணுவளவு நன்மையும் அணுவளவு தீமையும் தனித்தனியே காணப்படும் என்பது ‘ஸில்ஸால்’ அத்தியாயத்தின் செய்தி. மீஸான் என்னும் தராசு உழைப்பையும் அறியும். குர்ஆனைத் தேர்ச்சியோடு ஓதுபவர் கண்ணியமிக்க வானவர்களோடு இருப்பார் என்றும், நா திக்கி, சிரமப்பட்டு ஓதுபவருக்கு இரண்டு கூலிகள் உண்டு என்றும் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கும் நபிமொழி கூறுகிறது. தேர்ந்தவரின் மேன்மை அங்கே குறைக்கப்படவில்லை. திணறுபவரின் பாடும் கணக்கில் விடுபடவில்லை. எந்தப் பல்கலைக்கழகமும் சிரமத்துக்குக் கிரெடிட் தருவதில்லை, தரவும் இயலாது. ஆனால் வீட்டிலே தாயும் தந்தையும் தரலாம். 4 புள்ளியோடு வந்து நிற்கும் பிள்ளையிடம், இதற்காக நீ எவ்வளவு பாடுபட்டாய் என்று ஒரு வார்த்தை கேட்பதற்கு எந்த அளவுகோலும் தேவையில்லை.