அறிதுயில்

எங்கள் ஊரில் சாமியே படுத்துக்கொண்டுதான் இருக்கிறார். பள்ளிகொண்டா என்ற பெயரே அப்படி வந்ததுதான். பாலாற்றங்கரையில் உத்தர ரங்கநாதர் சயனத்தில் இருக்க, இந்தப் பக்கம் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையின் டோல்கேட்டில் ராப்பகலாக லாரிகள் ஹார்ன் அடித்துக்கொண்டு நிற்கின்றன. அவர் எழுந்துகொண்டதாகத் தகவல் இல்லை. அந்தத் தூக்கத்துக்கு வைணவத்தில் அறிதுயில் என்று பெயர். கண் மூடியிருக்கும், ஆனால் எல்லாம் தெரியும். சின்ன வயதில் இது எனக்குப் பெரிய ஏமாற்று வேலையாகத் தோன்றியிருக்கிறது.

போன தை மாதம் ஃபேஸ்புக்கையும் இன்ஸ்டாகிராமையும் மூடினேன். ஏழு வாட்ஸ்அப் இலக்கியக் குழுக்களிலிருந்தும் வெளியே வந்தேன். அதற்கு முன் ஒரு விடைபெறல் பதிவை முக்கால் மணி நேரம் உட்கார்ந்து எழுதினேன். இதற்கு எத்தனை லைக் வரும் என்று மனசு கணக்குப் போட ஆரம்பித்ததும் வெட்கமாகிவிட்டது. போடாமலேயே மூடினேன்.

காரணம் நேரம் போகிறது என்பதல்ல. நேரம் எப்படியும் போகும். ஃபேஸ்புக் இல்லாத காலத்திலும் எங்கள் ஊர் டீக்கடைகள் நிறைந்துதான் இருந்தன. காரணம் ஒரு பத்தி.

அப்பா முப்பது வருஷம் டேனரியில் சுண்ணாம்புத் தொட்டியில் வேலை பார்த்தவர். அவர் விரல்களைப் பற்றி, அந்த வெடிப்புகளில் அம்மா ராத்திரி தேங்காயெண்ணெய் தடவுவதைப் பற்றி, ஒருநாள் பஸ்ஸில் வரும்போது ஒரு பத்தி எழுதிப் பதிவாகப் போட்டுவிட்டேன். முந்நூற்றுச் சொச்சம் லைக். "கண் கலங்கிவிட்டது தோழர்" என்று நாற்பது பேர். இரண்டு நாள் மிதந்தேன். மூன்றாம் நாள், நான்கு வருஷமாக எழுதிக்கொண்டிருக்கும் நாவலில் அதே விரல்கள் வர வேண்டிய அத்தியாயத்துக்கு உட்கார்ந்தேன். வரவில்லை. ஒரு மாதம் முயன்றும் வரவில்லை. சொல்லியே ஆகவேண்டும் என்று உள்ளே அரித்துக்கொண்டிருந்த ஒன்றை அந்த முந்நூறு பேர் ஆற்றிவிட்டார்கள். கடன் அடைந்துவிட்டது. கடன் இல்லாதவன் எதற்கு நாவல் எழுத வேண்டும்? நான் பாராட்டை வெறுத்து வெளியே வரவில்லை. பாராட்டு சீக்கிரமாக வந்துவிடுகிறது, அதுதான் பிரச்சினை.

இந்த இடத்தில் எங்கள் பக்கத்து ஆளுக்கு ஓர் உவமை தயாராகக் காத்திருக்கும். அந்தக் காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டு வாரக்கணக்கில் பதனிட்ட தோல், 1970களுக்குப் பிறகு குரோம் டிரம்மில் ஒன்றிரண்டு நாளில் நீலமாக வெளியே வந்துவிடுகிறது. பட்டைத்தோல் இலக்கியம், குரோம் தோல் ஃபேஸ்புக். குரோம் கழிவு பாலாற்றுக்குச் செய்ததும், 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த வழக்கும் சேர்ந்தால் உவமைக்கு அறச்சீற்றமும் வந்துவிடும். இதை அப்பாவிடம் சொன்னேன்.

சிரித்தார். "ஷூவுக்கு பட்டத்தோல வச்சிக்கினு இன்னாடா பண்ணுவ? அது அதுக்கு அது. ஆனா எதுவா இருந்தாலும் மொதல்ல தண்ணில ஊறணும். உப்பு எறங்கணும். அத்த சரியா ஊற வுடலன்னா, அப்பறம் நீ இன்னா போட்டாலும் உள்ள மொடமொடன்னு தான் நிக்கும்."

என் உவமையை அதோடு விட்டுவிட்டேன்.

இணையமே எழுத்துக்கு எதிரி என்பவர்கள் ஜெயமோகனுக்குப் பதில் சொல்ல வேண்டும். 2014 ஜனவரி 1இல் தொடங்கி 2020 ஜூலை வரை, 26 நாவல்களாக விரிந்த வெண்முரசை, அத்தியாயம் அத்தியாயமாகத் தன் இணையதளத்திலேயே வெளியிட்டார். அவரோடு ஆயிரம் விஷயத்தில் முரண்படலாம், நானும் முரண்படுகிறேன், ஆனால் இது கண்முன் நடந்தது. இன்னொரு ஓரத்தில் ப. சிங்காரம்: மதுரை ஒய்.எம்.சி.ஏ. அறையில் தனியாக வாழ்ந்து, இரண்டே நாவல்கள், பாராட்ட அதிகம் பேர் இல்லை. இந்த இரண்டில் எது சரி என்று கேட்பதில் அர்த்தமில்லை. பெருமாள்முருகன் 2015 ஜனவரியில் ஃபேஸ்புக்கிலேயே தன்னுள்ளிருந்த எழுத்தாளன் செத்துவிட்டான் என்று அறிவித்ததை இந்தப் பட்டியலில் சிலர் சேர்ப்பார்கள். சேர்க்கக் கூடாது. அது அவர்மீது திணிக்கப்பட்ட மௌனம். கதவை நாமே சாத்திக்கொள்வதும் வெளியே இருந்து யாரோ பூட்டுவதும் ஒன்றல்ல.

என்னை உறுத்துவது வேறு. பேரணாம்பட்டிலிருந்து அழகிய பெரியவன் 'தகப்பன்கொடி' எழுதியபோது ஃபேஸ்புக் பிறக்கவில்லை, சிறுபத்திரிகைகள் இருந்தன. எனக்கு அந்த உலகத்தில் யாரையும் தெரியாது. என் முதல் வாசகர் ஃபேஸ்புக்கில்தான் கிடைத்தார். ஆம்பூரில் ஷூ கம்பெனி பஸ்ஸில் போகும்போது கவிதை எழுதிப் போடுகிற பெண்கள் சிலரை எனக்குத் தெரியும். அவர்களிடம் போய் "இதெல்லாம் கவனச் சிதறல்" என்று நான் சொன்னால், ஏறி முடித்ததும் ஏணியை உதைக்கிறவன் ஆவேன். சிமோன் வெய்ல் 1934-35இல் பாரிஸ் தொழிற்சாலைகளில் வேலை செய்து, அங்கே யோசிப்பதே முடியாமல் போவதை உடம்பால் தெரிந்துகொண்டவர். கவனத்தைப் பிரார்த்தனைக்குப் பக்கத்தில் வைத்தவரும் அவரே. கவனம் என்பது முதலில் ஒருத்தருக்குக் கிடைக்க வேண்டும், பிறகுதான் அதைச் சேமிக்கலாமா செலவழிக்கலாமா என்ற பேச்சு.

அப்புறம் இது நடந்தது. வாணியம்பாடியில் என் நண்பன். பதினோரு வருஷப் பழக்கம், அவன் வீட்டில் எத்தனையோ தடவை சாப்பிட்டிருக்கிறேன். பங்குனியில் அவன் அம்மா தவறிவிட்டார். அவன் ஃபேஸ்புக்கில் போட்டிருக்கிறான், குழுக்களில் போட்டிருக்கிறான். ஊரே போயிருக்கிறது. எனக்குப் பதின்மூன்றாம் நாள்தான் தெரிந்தது, அதுவும் ஆம்பூர் பஸ் ஸ்டாண்டில் வேறொருத்தர் சொல்லி. அந்தப் பதின்மூன்று நாளில்தான் எனக்கு அந்த விரல் அத்தியாயம் திரும்ப வந்து, எழுதி முடித்திருந்தேன்.

போய் நின்றேன். "நீ போஸ்ட் பாக்கலியா?" என்றான். பார்க்கவில்லை என்றேன். "சரி, வா, சாப்டு" என்றான். கோபப்பட்டிருக்கலாம். அந்த அத்தியாயம் நன்றாக வந்திருக்கிறது, அதுவும் உண்மை. அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து இரண்டையும் ஒன்றுக்கொன்று தட்டிக்கழிக்கப் பார்த்தேன், கழியவில்லை. ஒருத்தன் தன் வேலைக்காக உலகத்திடமிருந்து எடுத்துக்கொள்கிற கவனம் யார் தட்டிலிருந்து எடுக்கப்படுகிறது என்று எனக்கு முன்பு தோன்றியதே இல்லை. நான் தூங்கியிருக்கிறேன். அறிதுயில் இல்லை, வெறும் தூக்கம்.

ஆனாலும் திரும்பப் போகவில்லை. போனால் அடுத்த அத்தியாயத்தில் வர வேண்டிய அம்மாவின் எண்ணெய்க் கிண்ணமும் ஒரு பதிவாகிவிடும், எனக்கு என்னைத் தெரியும். நண்பனிடம் இதைச் சொல்லத் தைரியம் வர இரண்டு மாதம் ஆனது. கேட்டுவிட்டு, "அப்ப ஞாயித்துக்கெழம நான் போன் பண்றேன், எடு" என்றான்.

பண்ணுகிறான். கோயில் மதிலோரம் உட்கார்ந்து எடுப்பேன். யார் புத்தகம் வந்தது, யார் வீட்டில் கல்யாணம், யாருக்கு உடம்பு சரியில்லை, யாரும் யாரும் சண்டை, அந்தச் சண்டையில் யார் யாரைத் திட்டினார்கள் என்று பதிவுகளை ஏற்ற இறக்கத்தோடு படித்தே காட்டுகிறான். போன வாரம் முக்கால் மணி நேரம் படித்தான்.