தாங்குவதும் வழிவிடுவதும்

பெண்ணின் இடுப்புக்கூட்டின் அடிவாயில், முன்னே பூப்பெலும்பு முதல் பின்னே வால் எலும்பு வரை தூளிபோல் விரிந்திருக்கும் தசைத் தொகுதியே இடுப்புத்தளம். சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் ஆகியவற்றை இது கீழிருந்து தாங்குகிறது. சிறுநீர்வழி, பிறப்புவழி, மலவழி மூன்றும் இதன் ஊடாகவே செல்கின்றன. ஆகவே தாங்குவதும் வழிவிடுவதும் இதற்கு ஒருங்கே விதிக்கப்பட்டுள்ளன.

மூச்சை இழுக்கையில் உதரவிதானம் இறங்க, இடுப்புத்தளமும் சற்றுத் தாழ்கிறது. மூச்சை விடுகையில் இரண்டும் மேலெழுகின்றன. இருமும்போது வயிற்றின் அழுத்தம் உச்சத்தை எட்டுமுன்பே இத்தசைகள் தாமாக இறுகி, சிறுநீர் கசியாமல் காக்கின்றன. தூக்கத்திலும் இவை முற்றாக ஓய்வதில்லை. ஆனால் மனம் வைத்தால் இவற்றை இறுக்கலாம், தளர்த்தலாம்.

உடலின் இப்பகுதி நாணத்துக்கு உரியதா, மதிப்புக்கு உரியதா? இதற்கு இரு மரபுகள் இட்ட பெயர்களே இரு விடைகள். இங்குள்ள முக்கிய நரம்பை மேலை உடற்கூறியல் 'புடெண்டல்' என்கிறது. வெட்கத்துக்குரியது என்னும் பொருளுடைய லத்தீன் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. யோக மரபோ இவ்விடத்தை மூலாதாரம் என்றது. ஆதாரம் என்றால் தாங்குவது. தமிழ்ச் சைவம் அங்கே விநாயகரை இருத்தி, திருவாரூரை மூலாதாரத் தலமாகப் போற்றியது.

மூலாதாரம் தியானத்தில் உணர வேண்டியது. அறுத்துப் பார்த்துக் காணும் உறுப்பு அன்று. எனினும் 15ஆம் நூற்றாண்டில் சுவாத்மாராமர் இயற்றிய ஹடயோகப் பிரதீபிகை கூறும் மூலபந்தம் உடலால் செய்யும் பயிற்சிதான்: குதிகாலால் அடிப்பகுதியை அழுத்தி, குதத்தைச் சுருக்கி, கீழ்நோக்கிச் செல்லும் அபான வாயுவை மேலேற்றுவது. அதன் இலக்கு விடுதலை. 1948இல் அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் ஆர்னால்ட் கெகல் இத்தசைகளுக்கான பயிற்சி பற்றிக் கட்டுரை வெளியிட்டார். அவர் நாடியது பிரசவத்தால் நலிந்த தசைகளின் மீட்சி. நோக்கம் வேறானாலும் இருவரும் கவனத்தைக் குவிக்கச் சொன்ன இடம் ஒன்றே.

நாணம் இக்கவனத்தைத் தடுக்கிறது. "பிள்ளை பெத்தா இப்படித்தான்" என்ற சொல்லைக் கேட்டுப் பழகியவர்கள் சிறுநீர்க் கசிவையும் கருப்பை இறக்கத்தையும் வெளியே சொல்லாமலே காலம் கழிக்கிறார்கள். உடலை இறைவன் உறையும் இடமாகக் கண்ட திருமூலரின் மரபில் அதன் எந்தப் பகுதியும் அறியத் தகாதது ஆகாது. பயிற்சியாலும் மருத்துவத்தாலும் குறைக்கக்கூடிய துன்பத்தை விதியென்று சுமக்க வேண்டியதில்லை.

மதிப்பது என்றால் எந்நேரமும் இறுக்கி வைத்திருப்பது என்றும் ஆகாது. தளர மறுக்கும் தசை வலியைத் தருகிறது. மலம் கழிப்பதையும் உடலுறவையும் கடினமாக்குகிறது. மகப்பேற்றின்போது குழந்தையின் தலைக்கு இடம்விட, இத்தசையின் உட்பகுதி இயல்பு நீளத்தைவிட ஏறத்தாழ 3 மடங்கு நீள வேண்டியிருக்கிறது. பத்து மாதம் சுமந்ததே அந்த வேளையில் நெகிழ்ந்து வழிவிடுகிறது. ஆதாரம் என்ற சொல்லின் முழுப்பொருள் இவ்விரண்டும் சேர்ந்ததே.