இஸ்திகாராவும் கல்லூரி இடமும்

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளிவந்து கல்லூரிகளில் இடம் ஒதுக்கும் காலம் வந்துவிட்டால், நம் வீடுகள் சிலவற்றில் மகிழ்ச்சியோடு ஒரு கவலையும் புகுந்துகொள்கிறது. ஒரே பிள்ளைக்கு இரண்டு இடங்களில் சீட் கிடைத்துவிடுகிறது. ஒன்று புதுக்கோட்டையிலேயே, மற்றொன்று திருச்சியிலோ சென்னையிலோ. ஒன்றில் கட்டணம் குறைவு. மற்றொன்றில் பெயர் பெரிது. பணம் கட்டக் கடைசித் தேதிக்கு நான்கு நாட்களே இருக்கின்றன. கோட்டைப்பட்டினத்திலும் மீமிசலிலும் அறந்தாங்கியிலும், கடல் கடந்து உழைக்கும் வாப்பா தொலைபேசியில் ஒன்று சொல்வார். உம்மா ஒன்று சொல்வார். மாமா இன்னொன்று சொல்வார். முடிவில் ஒருவர், "இஸ்திகாராத் தொழுது படுங்கள், கனவில் தெரிந்துவிடும்" என்று பேச்சை முடித்து வைப்பார்.

இஸ்திகாராச் செய்ய வேண்டும் என்பதில் ஐயமில்லை. அது எதற்காக என்பதை நாம் சரியாக விளங்கியிருக்கிறோமா என்பதே கேள்வி.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் குர்ஆனின் அத்தியாயத்தைக் கற்றுத் தருவது போலவே இஸ்திகாராவைத் தோழர்களுக்குக் கற்றுத் தந்தார்கள் என்று ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிப்பதை இமாம் புகாரீ (ரஹ்) அவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஒருவர் ஒரு காரியத்தை நாடும்போது, கடமையல்லாத இரண்டு ரக்அத் தொழ வேண்டும். பிறகு துஆக் கேட்க வேண்டும். இக்காரியம் என் தீனுக்கும் வாழ்வுக்கும் முடிவுக்கும் நல்லதாயின் இதை எனக்கு விதித்து எளிதாக்கு. தீயதாயின் இதை என்னை விட்டும் என்னை இதை விட்டும் திருப்பிவிடு. நன்மை எங்கிருந்தாலும் அதை எனக்கு விதித்து, அதில் என்னைத் திருப்தியடையச் செய் என்பதே அந்த துஆவின் கருத்து.

இதில் கனவைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. பச்சை நிறம் தெரிந்தால் நலம், கறுப்புத் தெரிந்தால் கேடு என்ற கணக்கும் இல்லை. ஒரு காரியத்தை நாடுவது என்பதே, மனிதன் விசாரித்து, யோசித்து, ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறான் என்பதைத்தானே காட்டுகிறது? விசாரிக்கும் உழைப்பைத் தட்டிக்கழித்துவிட்டுப் பாயில் படுத்துக் கனவுக்குக் காத்திருப்பவர், அல்லாஹ் தந்த அறிவை மூலையில் வைத்துவிட்டு அவனிடமே விடை கேட்கிறார். இன்னும் சிலர் தாம் முன்பே முடிவு செய்துவிட்டதைப் பிள்ளை மறுத்துப் பேசக் கூடாது என்பதற்காக, "இஸ்திகாராவில் வந்துவிட்டது" என்று சொல்லிவிடுகிறார்கள். இது அதைவிட அஞ்சத்தக்கது.

ஹழ்ரத் உமர் (ரலி) அவர்கள் ஷாம் நாட்டை நோக்கிச் சென்றபோது, ஸர்கு என்ற இடத்தில், முன்னே கொள்ளைநோய் பரவியிருக்கும் செய்தி கிடைத்தது. போவதா, திரும்புவதா? முஹாஜிர்களை அழைத்துக் கேட்டார்கள், கருத்து இரண்டாயிற்று. அன்ஸாரிகளைக் கேட்டார்கள், அங்கும் அப்படியே. குறைஷிப் பெரியவர்களைக் கேட்டார்கள். திரும்புங்கள் என்று அவர்கள் ஒருமுகமாகச் சொன்னார்கள். திரும்ப முடிவாயிற்று. அல்லாஹ்வின் விதியை விட்டா ஓடுவது என்று அபூ உபைதா (ரலி) அவர்கள் வினவ, ஒரு விதியிலிருந்து மற்றொரு விதிக்கே செல்கிறோம் என்று விளக்கிய உமர் (ரலி) அவர்கள் ஓர் உவமை சொன்னார்கள். பள்ளத்தாக்கின் ஒரு கரை செழிப்பு, மறு கரை வறட்சி. ஒட்டகத்தை எங்கே மேய்த்தாலும் அது அல்லாஹ்வின் விதிப்படியே. கரையைத் தேர்வது மேய்ப்பவரின் பொறுப்பு. முடிவுக்குப் பிறகே அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் வந்து, அதற்கு ஆதாரமான நபிமொழியைக் கூறினார்கள்.

ஆகவே முதலில் மஷூரா. யாரைக் கேட்பது? அந்தக் கல்லூரியில் இப்போது படிக்கும் பிள்ளையைக் கேட்க வேண்டும்; அந்தப் படிப்பை முடித்து வேலை பார்ப்பவரைக் கேட்க வேண்டும். ஹாஸ்டல் செலவையும் சேர்த்து நான்கு ஆண்டுக்கும் எவ்வளவு ஆகும்? தொழுகைக்கும் ஹலாலான உணவுக்கும் வசதி உண்டா? வட்டிக்கடன் வாங்கினால்தான் அங்கே சேர முடியும் என்றால், கல்லூரியின் பெயர் பெரிது என்பது மட்டும் போதுமா? நன்கொடை என்ற பெயரில் கேட்கும் பணத்தைத் தமிழக அரசு 1992ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடை செய்திருக்கிறது. அதைக் கொடுத்துச் சேர்வது தகுமா? பக்கத்திலிருப்பது மட்டம், தூரத்திலிருப்பது உயர்வு என்ற எண்ணத்தையும் விட வேண்டும். புதுக்கோட்டையிலேயே 2017 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. திருச்சியில் ஜமால் முகம்மது கல்லூரி 1951 முதல் நம் பிள்ளைகளுக்குக் கல்வி தந்து வருகிறது.

பெண்பிள்ளையின் விஷயத்தில் பல வீடுகளில் கேள்வியே கேட்பதில்லை. தூரம் என்றால் வேண்டாம் என்று முடிந்துவிடுகிறது. நம் புதுக்கோட்டையில் 1886இல் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரை எண்ணிப் பாருங்கள். ஆண்கள் மட்டுமே படித்த இவ்வூர் மன்னர் கல்லூரியில், எதிர்ப்பையும் மீறி மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அவருக்கு இடமளித்தார். 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரி சென்று, 1912இல் மருத்துவரானார். அடையாறு புற்றுநோய் மருத்துவமனை அவர் முயற்சியால் 1954இல் எழுந்தது. முதலில் அருகில், பிறகு தொலைவில். பாதுகாப்பை விசாரிப்பது பெற்றோரின் கடமை. விசாரிக்காமலே மறுப்பது கடமையாகாது. நிக்காஹ்வுக்கே பெண்ணின் சம்மதம் கேட்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. படிக்கப்போகிறவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அவள் படிப்பை முடிவு செய்யலாமா?

முடிவு செய்த பின் அல்லாஹ்வின் மீது பாரத்தைப் போட வேண்டும். அப்துல் கலாம் அவர்கள் சென்னை எம்.ஐ.டி.யில் சேர, அவருடைய சகோதரி ஜொஹ்ரா தம் தங்க நகையை அடகு வைத்தார்கள். படிப்பு முடிந்தபின் டேராடூனில் விமானப்படைத் தேர்வு, டெல்லியில் பாதுகாப்புத் துறை நேர்காணல் என இரண்டு அழைப்புகள் வந்தன. மனம் நாடியது விமானப்படையை. எட்டுப் பேரை எடுத்தார்கள், அவர் ஒன்பதாமவர். மனம் நொந்தாலும், 1958இல் டெல்லித் துறையில் சேர்ந்தார். அதன்பின் நடந்தது நாடறியும். கிடைத்ததில் திருப்தியைத் தா என்று துஆவின் இறுதியில் கேட்பது இதற்காகத்தான். "அங்கே சேர்த்திருந்தால்" என்று ஆண்டுக்கணக்கில் பிள்ளையின் காதில் ஓதுவது அந்த துஆவுக்கு மாறானது.

கடைசியாக ஒன்று. ஓரிடத்தில் சேர்வதென முடிவாகிவிட்டால், மற்றோர் இடத்தை அன்றே எழுதிக்கொடுத்து விட்டுவிட வேண்டும். எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டையும் கடைசி நாள்வரை பிடித்து வைப்பவர்கள் உண்டு. காத்திருப்போர் பட்டியலில் நிற்கும் பிள்ளைக்கு அந்த இடம் போயிருக்க வேண்டும். சேர்க்கைக் காலம் முடிந்தால் அது யாருக்கும் உதவாமல் அவ்வாண்டு வீணாகிவிடும். அந்தப் பிள்ளையின் தந்தை நம் ஊர்க் கடலில் வலை வீசுபவராகவும் இருக்கலாம், பக்கத்து ஊரில் நாற்று நடுபவராகவும் இருக்கலாம். அடியார்களின் ஹக்கு என்பது கடன் பணத்தில் மட்டும் இல்லை. நமக்கு நன்மையை நாடி இரண்டு ரக்அத் தொழுத கையோடு, பிறருக்குரியதைப் பிடித்து வைத்திருக்கலாகாது.

பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும், நமக்கு அதைத் தேரும் நிதானத்தையும், தேர்ந்தபின் திருப்தியையும் அல்லாஹ் தந்தருள்வானாக! ஆமீன்.